கனடாவில் காசநோய் ஒழிந்துவிட்டதா? விமான நிலையத்தில் மறித்தால் போதுமா?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டது (2025 மார்ச் 24):
"இண்டைக்கு உலகக் காசநோய் நாளாம். கனடாவில இந்த வருத்தம் எப்பவோ இல்லாமல் போட்டுது. இப்ப இருக்கிறது முழுக்க வெளியில இருந்து வாறாக்கள் கொண்டு வாறதுதான். எயார்போர்ட்டிலயே வடிவாச் செக் பண்ணி மறிச்சா அலுவல் முடிஞ்சுது. இதுக்கு ஏன் இவ்வளவு காசு செலவழிக்கினம்?"

மார்ச் 24, இரவு

அண்ணை, இல்லாமல் போகவில்லை. கனடாவில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேரளவில் புதிதாகக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. லட்சம் பேருக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். கால் நூற்றாண்டாகக் கோடு கீழே இறங்கவே இல்லை.

லட்சத்துக்குப் பத்துக்குக் கீழே இருந்தால் அது 'குறைந்த பாதிப்புள்ள நாடு'. 2014 ஜூலையில் ரோம் நகரில் உலக சுகாதார நிறுவனம் இப்படிப்பட்ட நாடுகளைக் கூட்டி வைத்துத் தனியாக ஒரு திட்டம் போட்டது. அப்போது பட்டியலில் 33 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் இருந்தன, கனடாவும் உண்டு. 2035க்குள் ஒழிப்பு என்பது இலக்கு.

நீங்கள் சொன்னதில் பாதி சரி. இங்கே நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆனால் 'கொண்டு வருகிறார்கள்' என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. என் அம்மா 2016இல் வந்தார். நோய் வந்தது 2023இல். ஏழு வருடம் கழித்து வந்ததை எந்த விமான நிலையத்தில் மறிப்பது?

மார்ச் 25, காலை

நேற்று அவசரத்தில் ஒரு தப்பு. 2035 இலக்கு ஒழிப்பு இல்லை, ஒழிப்புக்கு முந்தைய படி: பத்து லட்சம் பேருக்குப் பத்து நோயாளிக்குக் கீழே. ஒழிப்பு என்று அவர்கள் சொல்வது பத்து லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழே. அதற்கு 2050 வரை காலம் வைத்திருக்கிறார்கள்.

கனடாவில் நாலு கோடிப் பேர். அப்படியென்றால் 2050இல் நாடு முழுக்க நாற்பது பேருக்கு மேல் நோய் வரக்கூடாது. இரண்டாயிரத்திலிருந்து நாற்பதுக்கு வர, இனிமேல் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்குப் பதினான்கு பதினைந்து பங்கு குறைய வேண்டும். இருபத்தைந்து வருடமாக அசையாத கோடு அது. பஸ்ஸில் உட்கார்ந்து போனில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

மார்ச் 27

அம்மா கதையை முழுசாகச் சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

விசாவுக்கு எக்ஸ்ரே எடுத்தோம், நெஞ்சு சுத்தமாக இருந்தது. பதினொரு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அந்த எக்ஸ்ரே உண்டு. அது நுரையீரலில் இப்போது எரிந்துகொண்டிருக்கும் நோயையும் பழைய தழும்பையும் காட்டும், உறங்கும் கிருமியைக் காட்டாது. உலகத்தில் நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி தங்கியிருப்பதாகக் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோயாக எழும். பாதிப் பேருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள், மற்றவர்களுக்கு எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு. அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை.

2023 ஜனவரியில் இருமல் தொடங்கியது. வாக்-இன் கிளினிக்கில் முதலில் சளி என்று ஆன்டிபயாடிக், அடுத்த தடவை அலர்ஜி என்று இன்ஹேலர். மூன்றாவது தடவை கொடுத்தது லீவோஃப்ளாக்ஸசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக். அதில் இரண்டு வாரம் நன்றாகவே இருந்தார். எங்களுக்கும் நிம்மதி. அந்த மருந்துக்குக் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும் குணம் உண்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. மருந்து நின்றதும் இருமல் திரும்பி வந்தது, அதற்குள் இன்னும் ஒரு மாதம் போயிருந்தது.

ரவிக்கைகளுக்கு இரண்டு முறை தையல் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "இந்தக் குளிருக்கு யாருக்குப்பா பசிக்குது"ன்னு சொல்வார், நானும் சரி என்று விட்டுவிடுவேன். காலையில் தலையணை உறை நனைந்திருக்கும். ஹீட்டரைக் குறைத்து வைத்தேன். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது கையைத் தூக்கினார், வளையல் முழங்கை வரை சரிந்து போய் நின்றது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

கோவிலில் பழக்கமான, ஊரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா, அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, சளியை டெஸ்ட் பண்ணினீங்களா?" என்று கேட்டார். நாலரை மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மார்ச் 28

"அவர் மூலம் எத்தனை பேருக்குப் பரவியதோ" என்று கேட்டவருக்கு: வீட்டில் நான்கு பேரையும் சோதித்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் இல்லை. எட்டு வாரம் கழித்து மறுபடி சோதித்தார்கள், அப்போதும் இல்லை. மனைவிக்கும் இல்லை. எனக்கு இரத்தப் பரிசோதனையில் 'உண்டு' என்று வந்தது. நோய் இல்லை, உறங்கும் தொற்று.

அம்மாவிடமிருந்து வந்ததா, குரோம்பேட்டையில் சின்ன வயசில் வந்ததா என்று எந்தச் சோதனையும் பிரித்துச் சொல்லாது. நான் கேட்டேன். டாக்டர், "தெரிஞ்சா வேற மருந்தா குடுக்கப் போறோம்?" என்கிற மாதிரி சிரித்தார். அம்மாவுக்கு மட்டும் அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. "என்னாலதானே உனக்கு" என்பதை அவர் சொல்லாத வாரம் இல்லை.

கழுத்துக் கட்டி பற்றிக் கேட்டவருக்கு: நம் பக்கத்து ஆட்களுக்கு நிணநீர்க் கட்டியிலும் காசநோய் வருவது சகஜம். பழைய ஆட்கள் கண்டமாலை என்பார்கள். கழுத்தில் மட்டும் இருந்தால் மற்றவர்களுக்கு ஒட்டாது. மருந்து அதேதான். பயப்படாமல் காட்டுங்கள்.

மார்ச் 30

குரோம்பேட்டை என்று எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது. சென்னை பீச்சிலிருந்து வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன், பெயரே தாம்பரம் சானடோரியம். டாக்டர் சவுரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். அந்த ஸ்டேஷன் வந்தால் பாட்டி புடவைத் தலைப்பை எடுத்து எங்கள் மூக்கைப் பொத்துவார். ரயில் கிளம்பி, கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டும்வரை கையை எடுக்க மாட்டார். அந்தக் கற்பூர வாசனை வீசும் தலைப்பிலிருந்துதான் இந்த நோய் எனக்கு அறிமுகம். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அதே சென்னையில்தான் அந்தப் பயத்தை உடைத்த ஆராய்ச்சியும் நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நாலும் சேர்ந்து நடத்தியது, பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும் மற்றவர்களை வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில் நெரிசல், அரைவயிற்றுச் சாப்பாடு. 1959இல் முடிவு வெளிவந்தது: இரண்டு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மாத்திரையை நர்ஸ் கண்ணெதிரில் விழுங்குவதும் அங்கே 1960களில் சோதித்த முறைதான். அம்மாவுக்கு இங்கே பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து நர்ஸ் காலை எட்டரைக்கு வருவார். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, டைனிங் டேபிளில் உட்கார்ந்து, மாத்திரைகளைச் சின்னக் காகிதக் கிண்ணத்தில் போடுவார். அம்மா ஒவ்வொன்றாக விழுங்கி வாயைத் திறந்து காட்டுவார். அந்த நர்ஸுக்குச் சேத்துப்பட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நான் சொன்னேன், ரொம்ப ஆச்சரியப்பட்டார்.

ஏப்ரல் 1

ஒரு திருத்தம். "உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில்" என்று எழுதினேன். ஒரே நாளில் மூடியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பல நாடுகளில் வருடக்கணக்காக இழுத்தது. அதற்கு நல்ல மருந்துகள் வந்ததே முதல் காரணம். வீட்டில் வைத்துக் கொடுத்தாலும் குணமாகும் என்று காட்டியது சென்னை.

ஏப்ரல் 5

அண்ணை மறுபடி எழுதியிருக்கிறார்: "சரி, உங்கட அம்மாவின்ர கதை வேற. ஆனா இஞ்ச பிறந்த ஆக்களுக்கு இது வாறேல்லைத்தானே?"

வருகிறது. வடக்கே ஆர்க்டிக் பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்களுக்கு வருகிறது. அவர்களைவிட இந்த மண்ணுக்குச் சொந்தமானவர்கள் யார்? 2016 வாக்கில் எடுத்த கணக்கின்படி, கனடாவில் பிறந்த பழங்குடியல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குக் காசநோய் வரும் வீதம் ஏறக்குறைய 300 மடங்கு. அவர்கள் வாழும் வடகோடி ஆட்சிப்பகுதியான நுனாவுட்டில் பாங்நிர்டுங் என்ற சின்ன ஊரில் 2021 நவம்பரில் நோய்ப்பரவல் அறிவித்தார்கள், பிறகு வேறு ஊர்களிலும். வெளியிலிருந்து யாரும் கொண்டுபோய்க் கொடுத்த நோய் என்று இன்றைக்கு அதைச் சொல்ல முடியாது. இரண்டு அறை வீட்டில் மூன்று தலைமுறை முறை வைத்துத் தூங்குவதும், எக்ஸ்ரே எடுக்கவே விமானம் ஏற வேண்டியிருப்பதும்தான் அங்கே நோயை வளர்க்கின்றன.

பழைய கதை இன்னும் கொடியது. 1950களில் கோடைக்குக் கோடை சி.டி. ஹவ் என்ற கப்பல் ஆர்க்டிக் கரையோர ஊர்களுக்குப் போகும். கப்பலுக்குள்ளேயே எக்ஸ்ரே இருந்தது. நெஞ்சில் நிழல் தெரிந்தவரைப் பல சமயம் கரைக்கு இறங்கிப் போய்ச் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. அப்படியே தெற்கே கொண்டுவந்துவிட்டார்கள். 1956இல் இனுயிட் மக்களில் ஏழில் ஒருவர் தெற்கே சானடோரியத்தில் இருந்தார். பலர் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியாது. 2019 மார்ச்சில் நுனாவுட்டின் தலைநகர் இக்காலுவிட்டுக்குப் போய் அப்போதைய பிரதமர் ட்ரூடோ மன்னிப்புக் கேட்டார். நனிலாவுட் என்ற பெயரில் அந்தக் கல்லறைகளைத் தேடித்தரும் வேலை இப்போதும் நடக்கிறது.

ஹாமில்டனில் குன்றின் மேல் இருந்த சானடோரியத்துக்கு நூற்றுக்கணக்கில் இனுயிட் நோயாளிகளைக் கொண்டுவந்தார்கள். டொரோண்டோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். நாங்கள் அங்கே அருவி பார்க்கப் போவோம். இதைப் படித்தபிறகு ஒரு முறை போனபோது அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "என்னை வீட்டிலேயே வச்சிருந்தீங்கல்ல" என்றார்.

2018இல் மத்திய அரசும் இனுயிட் அமைப்பும் சேர்ந்து 2025க்குள் பாதியாகக் குறைப்போம், 2030க்குள் ஒழிப்போம் என்று அறிவித்தன. 2025 வந்துவிட்டது. வீடு கட்டாமல் இது நடக்காது என்பது என் எண்ணம். மாத்திரை எவ்வளவு கொடுத்தாலும் அந்த அறையில் அத்தனை பேர்தான் மூச்சு விடுகிறார்கள்.

ஏப்ரல் 6

'ஏன் காசு செலவழிக்கினம்' என்பதற்கு இதுவரை பதில் சொல்லவில்லை. நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் காசநோய் குறைந்துவிட்டது என்று அமெரிக்காவில் தனி ஒதுக்கீட்டை நிறுத்தினார்கள். கிளினிக்குகள் மூடின, நர்ஸுகள் போனார்கள். 1978இல் நகரத்தில் சுமார் 1,300 பேருக்கு இருந்த நோய் 1992இல் 3,800 பேரைத் தாண்டியது. எயிட்ஸ், வீடற்றோர் விடுதி, சிறை எல்லாம் சேர்ந்துகொண்டன, மருந்துக்கு மசியாத கிருமியும் பெருகியது. பிறகு அதைப் பிடித்து அடக்க நூறு கோடி டாலருக்கு மேல் போயிற்று. நர்ஸ் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்துத்தான் அடங்கியது.

அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி பக்கம் 2024இல் காசநோய் பரவியதும் நினைவிருக்கும். அந்த வருடம் அமெரிக்கா முழுக்கப் பத்தாயிரம் பேருக்கு மேல் நோய் வந்தது.

இன்னொன்றும் உண்டு. உலகத்தில் 2023இல் ஒரு கோடியே எட்டு லட்சம் பேருக்கு நோய் வந்தது, அதில் நாலில் ஒரு பங்கு இந்தியாவில். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றதும் ஏழை நாடுகளில் பரிசோதனையும் மருந்தும் தடுமாறின. அங்கே இன்றைக்குத் தொற்றிக்கொள்ளும் பிள்ளைதான் 2045இல் இங்கே வேலைக்கு வரப்போகிறது, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக.

ஏப்ரல் 12

உறங்கும் தொற்றுக்கு மருந்து எப்படி என்று கேட்டிருந்தார்கள்.

முன்பு ஐசோனியாசிட், ஒன்பது மாதம். உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஆள் ஒன்பது மாதம் தினமும் மாத்திரை போட வேண்டும், ஈரலுக்கும் கொஞ்சம் ஆபத்து. பாதியில் விட்டவர்கள் ஏராளம். மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து டிக் மென்சீஸ் குழுவினர் பல நாடுகளில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, நாலு மாதம் ரிஃபாம்பின் அதற்குக் குறைந்ததில்லை, முடிப்பவர்களும் அதிகம், ஈரல் சேதமும் குறைவு என்று காட்டியது. வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரம் எடுக்கும் இரட்டை மருந்தும் உண்டு. கனடாவின் 2022 வழிகாட்டுதலில் இந்த இரண்டுக்கும்தான் முதலிடம்.

நான் ரிஃபாம்பின் நாலு மாதம் எடுத்தேன். வெறும் வயிற்றில் இரண்டு செம்மண் நிறக் காப்ஸ்யூல். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும், சொல்லியிருந்தும், பதறிவிட்டேன். வியர்வையும் அப்படித்தான், வெள்ளை பனியன் கழுத்தோரம் மஞ்சள் பூத்துவிட்டது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றி வைத்துவிடுங்கள், கறை போகாது. கர்ப்பத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, சில சர்க்கரை மருந்துகள் எல்லாவற்றையும் இது வலுவிழக்கச் செய்யும். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று முதலிலேயே ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு பைசா செலவில்லை.

மூன்றாவது மாதம் நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். காலைக் காபியை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுவது அவ்வளவு எரிச்சலாக இருந்தது. அம்மா டேபிளில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், நர்ஸ் அவரைப் பார்த்த மாதிரியே. அதனால்தான் முடித்தேன்.

ஏப்ரல் 19

வாக்-இன் கிளினிக் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கோபத்தில் எழுதியது. கோபம் போகவில்லை, ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கனடாவில் குடும்ப மருத்துவர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். நோயாளிகள் வருடத்துக்கு இரண்டாயிரம். ஒரு டாக்டருக்கு இருபது வருடத்தில் ஒரு நோயாளி வந்தால் பெரிது. படிக்கும்போது பார்த்திருக்கவே மாட்டார். நோய் குறையக் குறைய, அதைக் கண்டுபிடிக்கும் கண்ணும் குறைந்துபோகிறது. சென்னையில் என்றால் சளியைச் சீக்கிரமே கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் நாமேதான் வாய் திறக்க வேண்டும். "நான் பிறந்த ஊரில் டிபி உண்டு, மூன்று வாரமாக இருமுகிறேன், சளியைச் சோதியுங்கள்" என்று கேட்கலாம், தப்பில்லை. ஆனால் நாம் கேட்பதில்லை. அம்மா மாத்திரைகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தார், யாராவது வந்தால் பார்த்துவிடுவார்களாம். நர்ஸின் கார் வாசலில் நிற்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "சர்க்கரை பார்க்க வர்றாங்க" என்றார். நானும் ஆபீஸில் நிமோனியா என்றுதான் சொன்னேன். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. பாட்டியின் முந்தானை பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்துவிட்டது.

அண்ணை, உங்கள் 'மறிச்சா முடிஞ்சுது' மேல் நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இதுதான். மறிப்பார்கள் என்று பயந்தால் ஆட்கள் இருமலை மறைப்பார்கள். ஏற்கெனவே மறைக்கிறார்கள். மறைக்கிற ஒவ்வொரு மாதமும் அடுத்த அறையில் இருக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து.

ஏப்ரல் 20

"புறப்படும் முன் சோதிப்பதே வேண்டாமென்கிறீர்களா?" இல்லை. எக்ஸ்ரேயோடு சளியிலுள்ள கிருமியையும் வளர்த்துப் பார்க்கும் முறையை 2007 முதல் அமெரிக்கா கொண்டுவந்ததில், புதிதாக வந்து இறங்கியவர்களிடம் நோய் காணப்படுவது குறைந்தது. அது வேண்டும். அதோடு நின்றுவிடுவதைத்தான் சொல்கிறேன். வந்து இறங்கியவருக்கு ஃபேமிலி டாக்டர் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறதே, உறங்கும் தொற்றுக்கு யார் சோதிப்பது?

மே 3

அண்ணை தனியாக எழுதியிருந்தார், அவர் அனுமதியோடு பொதுவில் சொல்கிறேன். அவருடைய மனைவிக்கு மூட்டுவாதத்துக்கு ஊசி தொடங்கப் போகிறார்களாம். அந்த வகை ஊசிகளில் சில, உறங்கும் காசநோயை எழுப்பிவிடும். தொடங்கும் முன் சோதிப்பது வழக்கம். அண்ணையும் கேட்டிருக்கிறார், மனைவிக்கு வியாழக்கிழமை இரத்தம் எடுக்கிறார்களாம். அந்த அக்காவின், அதாவது அண்ணையின் மனைவியின், தகப்பனார் எழுபதுகளில் இலங்கையில் காங்கேசன்துறைச் சானடோரியத்தில் இருந்தவராம். அக்கா இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம், கணவரிடம்கூட.

அண்ணை, அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். சிறு வயதில் வீட்டில் ஒருவருக்கு இருந்தது என்பது இரத்தப் பரிசோதனை அளவுக்கே முக்கியம். சின்ன வயசில் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு தோளில் இருந்தால், தொற்று இருப்பதாகத் தோல் பரிசோதனை பொய்யாகக் காட்டக்கூடும், அதனால் இரத்தம்தான் நல்லது. பழைய எக்ஸ்ரே எதுவும் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், யாழ்ப்பாணத்தில் எடுத்ததாக இருந்தாலும் சரி.